பழைய துறைமுக ஊர்களுக்குப் படகில் போவதென்றால்: டால்மேஷியாவா, துருக்கியா, கோட்டோரா?

"இந்த ஊருக்கெல்லாம் பஸ் போகாதா? எதுக்கு ஒரு வாரத்துக்குப் படகு வாடகை?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். குரோஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு நாலு, நாலரை மணி நேரத்தில் பஸ் போய்விடும். அதே தூரம் கடல் வழியில் ஏறத்தாழ நூறு கடல் மைல். பாய்மரப் படகு மணிக்கு ஐந்தாறு மைல் போனால் பெரிய விஷயம்.

ஆகவே இந்த மூன்று கடற்கரைகளையும் அத்தானின் கேள்வியை வைத்தே அளக்கிறேன். படகில் போவதால் பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைக்காத ஏதாவது கிடைக்கிறதா? என் அனுபவத்தில் இரண்டு கிடைக்கும். ஒன்று, இந்த ஊர்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை. வாசல், கோபுரம், மாளிகை முகப்பு எல்லாம் அந்தப் பக்கம்தான், சாலை வருவது கொல்லைப்புறத்தில். இரண்டு, பகல் கூட்டம் கிளம்பியபிறகு ராத்திரி மதிலடியிலேயே தூங்கி, காலை ஆறரைக்கு ஆளில்லாத தெருவில் நடக்கலாம். இந்த இரண்டும் இல்லாத ஊருக்குப் படகில் போவது வீண் செலவு, ஹோட்டலில் தங்கிவிடலாம்.

குரோஷியாவின் டால்மேஷியக் கரைக்கு இரண்டு தடவையும், துருக்கியின் லிசியாக் கரைக்கு அம்மாவோடு ஒரு தடவையும், மாண்டிநீக்ரோவின் கோட்டோர் விரிகுடாவுக்கு ஒரு தடவையும் போயிருக்கிறேன். கிரீஸின் ரோட்ஸ், சிமி பக்கம் படகில் போனதில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டால்மேஷியா: ஒரு நாள் தூரத்துக்கு ஓர் ஊர்

1420 வாக்கிலிருந்து 1797 வரை இந்தக் கரையின் பெரும்பகுதி வெனிஸின் கையில் இருந்தது. அவர்களுடைய துடுப்பு வலிக்கிற கப்பல்களில் ஆள் அதிகம், தண்ணீர் வைக்க இடம் குறைவு. அதனால் கரையை ஒட்டியே போய் அடிக்கடி துறை பிடித்தாக வேண்டும். அந்தத் துறைகள்தான் இன்று நாம் பார்க்கப் போகிற ஊர்கள். நிதானமாகப் பாய் விரித்துப் போனாலும் சாயங்காலத்துக்குள் அடுத்த மதில் தெரிந்துவிடும். வாடகைப் படகுக்கு இதைவிட வாகான அமைப்பு நான் பார்த்த வேறெந்தக் கரையிலும் இல்லை.

கிளம்ப நல்ல இடம் ட்ரோகிர். ஸ்பிளிட் விமான நிலையம் உண்மையில் ட்ரோகிரின் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் ஒரு சின்னத் தீவு. ஒரு பக்கம் நிலத்துக்குப் பாலம், மறுபக்கம் சியோவோ தீவுக்குப் பாலம். மெரினா, அதாவது படகு கட்டும் துறை, சியோவோ கரையில், பழைய ஊருக்கு நேர் எதிரே. பாலத்தைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் கதீட்ரல் வாசல். அந்த வாசலை 1240இல் ரதோவான் என்ற சிற்பி செதுக்கினார். ஆதாமும் ஏவாளும் சிங்கங்களின் மேல் நிற்கிறார்கள். உள்வளைவில் மாதவாரியாக அந்தந்தப் பருவத்து வேலைகள். பத்து மணிக்கு மேல் போனால் முன்னால் நிற்பவரின் தொப்பிதான் தெரியும். ஏழு மணிக்கு நானும் ஒரு பூனையும் மட்டும் இருந்தோம்.

துறை பிடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த மெரினாக்களில் படகைப் பின்பக்கமாக ரிவர்ஸ் எடுத்துக் கரையோடு சேர்க்க வேண்டும். முன்பக்கம் நகராமல் இருக்க, கடலடியில் கட்டிப்போட்டிருக்கும் ஒரு கயிற்றைக் கரையிலிருந்து ஒருவர் தூக்கிக் காட்டுவார். அதைக் கொக்கியால் பிடித்து, படகின் ஓரமாகவே முன்னால் ஓடி, இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு முழுக்கப் பாசி, நடுநடுவே குட்டிக் குட்டிச் சிப்பிகள். முதல் தடவை வெறுங்கையால் இழுத்தேன். உள்ளங்கையில் மூன்று கீறல், வெள்ளைச் சட்டை போன இடம் தெரியவில்லை. பக்கத்துப் படகில் ஒரு ஜெர்மன் தாத்தா வைனைக் கீழே வைக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரோகிரிலிருந்து வடக்கே போனால் ஷிபெனிக். படகுக்கென்றே அமைந்த நுழைவாயில் இதைப் போல டால்மேஷியாவில் வேறில்லை. திறந்த கடலில் வந்துகொண்டிருக்கும்போது புனித நிக்கோலஸ் கோட்டை தண்ணீரிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும். அதைச் சுற்றித் திரும்பினால் குறுகலான கால்வாய், இருபுறமும் பாறை. அது முடிகிற இடத்தில் ஊர் மொத்தமும் படிப்படியாக மேலே ஏறி நிற்கும். சாலையில் வருகிறவருக்கு இந்தக் காட்சியே கிடையாது. 1431இல் தொடங்கி 1535இல் முடித்த யாக்கோபு கதீட்ரலை முழுக்கக் கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள், கூரை உட்பட. தச்சர் பலகையைப் பலகையோடு கோக்கிற மாதிரி கற்பலகைகளைக் கோத்திருக்கிறார்கள். வெளிச்சுவரில் எழுபதுக்கு மேற்பட்ட மனிதத் தலைகள். எல்லாம் அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் சாயல் என்கிறார்கள். ஒரு முகம் எங்கள் கணக்கு வாத்தியாரேதான். இங்கிருந்து கிர்கா ஆற்றில் ஸ்கிரடின் வரை படகிலேயே போகலாம். ஆனால் அருவியடியில் குளிக்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், 2021இலிருந்து அது தடை.

ஹ்வார் தீவில் ஹ்வார் நகரமா, ஸ்டாரி கிராடா என்று ஒரு உள்போட்டி உண்டு. எல்லோரும் ஹ்வார் நகரத்துக்குத்தான் போகிறார்கள். 1612இல் தொடங்கிய நாடகக் கொட்டகை அங்கே இருக்கிறது, மேலே கோட்டை. சரி, பகலில் பாருங்கள். ராத்திரி அந்தத் துறையில் தங்குவது தண்டனை. போகிற வருகிற படகெல்லாம் கிளப்பும் அலையில் ஆட்டம், விடிய விடியப் பாட்டு, போதாக்குறைக்குக் கட்டணமும் அதிகம். ஸ்டாரி கிராட் வடக்குப் பக்கம், நீண்ட விரிகுடாவின் கோடியில் இருக்கிறது. கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அமைத்த ஊர். அவர்கள் அளந்து பிரித்த வயல் வரப்புகள், கற்சுவர்களாக, இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன, உள்ளே திராட்சையும் ஒலிவமும். சைக்கிள் வாடகைக்கு எடுத்து நடுவே போனோம். 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் கட்டிய கோட்டை வீட்டின் முற்றத்தில் கடல்நீர்க் குளமும் அதில் மடவை மீன்களும் உண்டு. என் வோட்டு ஸ்டாரி கிராடுக்கு.

அப்புறம் கோர்ச்சுலா. இந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஊர் இதுதான். சின்ன முனை, அதன் மேல் மீன்முள் மாதிரி தெருக்கள். நடுவில் ஒரு முதுகுத்தண்டுத் தெரு, இருபுறமும் கிளைகள். மேற்குப் பக்கத்துக் கிளைகள் நேராக இருக்கின்றன, கோடைப் பிற்பகலில் மேற்கிலிருந்து வருகிற குளிர்ந்த காற்று தங்குதடையில்லாமல் ஊருக்குள் வரட்டும் என்று. கிழக்குப் பக்கத்துக் கிளைகளை லேசாக வளைத்திருக்கிறார்கள், குளிர்கால வாடை நேராக நுழையாதிருக்க. நாள் முழுக்க அந்தக் காற்றையே பார்த்துப் பாயை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே காற்று ஒரு தெருவுக்குள் நம் பின்னாலேயே வருவதை உணர்வது தனி அனுபவம். பஸ்ஸில் வந்தவருக்கு அது வெறும் தெருவாகத்தான் இருக்கும். மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள், டிக்கெட் கூட உண்டு.  பிறந்த கதையை ஊர்ப் பெருமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி டுப்ரோவ்னிக். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அதைப் படகுப் பயணத்தில் சேர்க்காதீர்கள். 1,940 மீட்டர் மதில், ரகுசா என்ற பழைய பெயரில் 1808 வரை நீடித்த குடியரசு, 1377இலேயே கப்பலில் வருகிறவர்களைத் தனிமைப்படுத்திய ஊர் எல்லாம் சரி. ஆனால் மதிலடியில் இருக்கும் பழைய துறையில் வாடகைப் படகுக்கு இடமில்லை. மெரினா கொமோலாட்ஸில், கழிமுகத்தின் உள்ளே பல கிலோமீட்டர் தள்ளி. ஒரு வாரத்துக்குப் படகை எடுத்துவிட்டு ஊரைப் பார்க்க டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். அத்தான் கேட்ட கேள்வி டுப்ரோவ்னிக்குக்கு அப்படியே பொருந்தும். படகில் ஒரே ஒரு லாபம், லோக்ரும் தீவுக்கும் மதிலுக்கும் நடுவே மெதுவாகக் கடந்து போகிற அந்த அரைமணி நேரம். அதை முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். மேலும் ஸ்பிளிட்டில் எடுத்த படகை ஒரே வாரத்தில் டுப்ரோவ்னிக் போய் மறுபடி ஸ்பிளிட்டில் ஒப்படைப்பதென்றால் தினமும் ஓட்டம்தான். சனிக்கிழமை சாயங்காலம் படகு கைக்கு வரும், அடுத்த வெள்ளி ராத்திரியே திரும்பியிருக்க வேண்டும். நடுவில் ஐந்து முழு நாள்தான்.

துருக்கி: ஊர் இல்லாத ஊர்கள்

ஃபெதியேயிலிருந்து டெம்ரே வரை லிசியாக் கரை. இங்கே கணக்கே வேறு. மதிலும் தெருவும் கதீட்ரலும் உள்ள ஊர்கள் வரிசையாக வராது. வருவது இடிபாடுகள், அவற்றுள் பலவற்றுக்குச் சாலை சுற்று வழி, கடல் நேர் வழி. படகும் வேறு. குலெட் என்கிற அகலமான மரப்படகு, கேப்டன், சமையல்காரர், எடுபிடி எல்லாம் அதோடு வருவார்கள். இரண்டு பாய்மரம் கம்பீரமாக நிற்கும், ஆனால் நாலு நாளில் பாயை விரித்தது ஒரே ஒரு முறை, அதுவும் நாங்கள் போட்டோ எடுக்கக் கேட்டதால். மற்ற நேரமெல்லாம் டீசல். பாய் விரித்துப் போகிற ஆசையில் வருகிறவர் ஏமாந்துபோவார். அறுபத்தெட்டு வயது அம்மாவை அழைத்துப்போகிறவருக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. அறைக்கு அறை குளியலறை, மேல்தட்டில் மெத்தை, நடமாட இடம்.

இந்த மாதிரிப் பயணத்துக்கு இங்கே நீலப் பயணம் என்று பேர். 1925இல் தண்டனையாகப் போட்ரூம் என்ற கரையோர ஊருக்கு அனுப்பப்பட்ட ஓர் எழுத்தாளர் அந்தக் கடலில் மயங்கி, பின்னாளில் நண்பர்களைக் கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் படகுகளில் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் வளர்ந்து இன்று தொழிலாகிவிட்டது.

கெகோவாவைச் சொல்ல வேண்டும். 2ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் கரையோடு கீழிறங்கிய ஊர். தீவின் ஓரமாகப் படகு மெதுவாகப் போகும்போது, பாறையில் வெட்டிய படிக்கட்டு ஒன்று மேலிருந்து இறங்கி வந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஆறு படி வெளியே, ஏழாவது படியில் கடல், அதற்குக் கீழே பச்சையாக இன்னும் மூன்று நாலு படி தெரிகிறது, அப்புறம் இருட்டு. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "குளத்துப் படித்துறை மாதிரியே இருக்கு" என்றார். மூழ்கிய பகுதிக்கு மேல் நங்கூரம் போடவோ நீந்தவோ விடமாட்டார்கள். எதிரே காலேகோய், பழைய பெயர் சிமேனா. இன்றும் அந்தக் கிராமத்துக்குள் கார் போகாது, படகில் வரவேண்டும் அல்லது நடக்கவேண்டும். துறையருகே கணுக்கால் தண்ணீரில் ஒரு லிசியக் கல்சவப்பெட்டி, கவிழ்த்த தோணி மாதிரி மூடியோடு நிற்கிறது. அதைச் சுற்றிச் சிறுவர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெமிலர் தீவில் பைசாந்தியத் தேவாலய இடிபாடுகள். எதிர்க்கரையில் இறங்கி மேலே நடந்தால் காயாகோய், 1923இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் கிரேக்கர்கள் விட்டுப்போன கூரையில்லாத வீடுகள். காஷில் கடலைப் பார்த்த பழைய அரங்கு. காஷுக்குப் பக்கத்து உலுபுருன் முனையில் 1982இல் ஒரு கடற்பஞ்சு மூழ்காளி கண்ட கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பத்து டன் செம்புக் கட்டிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்க்கப் போட்ரூம் கோட்டைக்குத்தான் போகவேண்டும். அது தனிப் பாதை, இன்னொரு வாரம். அந்தப் பாதையில் க்னிடோஸ் உண்டு. பழைய ஊரின் துறையிலேயே நங்கூரம் போட்டு, டிங்கி என்கிற குட்டிப் படகில் கரையேறினால் அரங்கின் படி. என் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குகிற இடம் அது.

ஆனால் சாயங்காலம் ஊருக்குள் காலாற நடந்து, சந்துக்குள் ஒரு ஒயின் கடையைக் கண்டுபிடித்து உட்காருகிற சுகம் லிசியாவில் காஷைத் தவிர வேறெங்கும் சரியாகக் கிடைக்கவில்லை. ராத்திரிகள் ஆளில்லாத குடாக்களில். அதுவே வேண்டுமென்பவர்களுக்கு அது வரம்.

கோட்டோர்: ஒரே ஒரு நுழைவு

மாண்டிநீக்ரோவின் கோட்டோர் விரிகுடா மலைக்குள் மடங்கி மடங்கி 28 கிலோமீட்டர் உள்ளே போகிறது. வெரிகே என்ற கழுத்தில் அகலம் 340 மீட்டர்தான். அதைத் தாண்டியதும் எதிரே பெராஸ்ட், முன்னால் இரண்டு குட்டித் தீவுகள். ஒன்று இயற்கை. மற்றொன்று மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கல்லைப் போட்டும் பழைய படகுகளை மூழ்கடித்தும் எழுப்பியது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று படகுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு போய்க் கல் போடுகிறார்கள். கோடியில் கோட்டோர். மதில் ஊரைச் சுற்றிவிட்டு மலைமேல் ஏறி 260 மீட்டர் உயரம் வரை போகிறது. 1555இல் கட்டிய கடல் வாசலுக்கு நேர் எதிரே படகுத்துறை. படகிலிருந்து இறங்கி நூறு தப்படி வைத்தால் ஊருக்குள் இருப்பீர்கள்.

இவ்வளவு அழகான வருகை டால்மேஷியாவில்கூட ஷிபெனிக்கில் மட்டும்தான். ஆனால் பிறகு? இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. உள் விரிகுடாவில் காற்று பெரும்பாலும் செத்துக் கிடக்கும், இன்ஜினில்தான் ஊர்வது. நாலாவது நாள் எங்களுக்குப் போக இடமில்லை. போதாததற்கு, எங்கள் பக்கத்திலேயே ஒரு உல்லாசக் கப்பல் வந்து கட்டி, அரை நாள் வெயிலை மறைத்துவிட்டது. கோட்டையின் 1,350 படிகளை விடிகாலையில் ஏறிவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோரையும் சேர்த்து ஒரே பயணமாகப் போடலாமே என்று தோன்றும். எல்லை தாண்டுவதால் இரு பக்கமும் துறைமுகக் காகித வேலை உண்டு, அதிலேயே அரை நாள் போகும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் இன்னொரு கண்ணி. குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா வட்டத்துக்குள், மாண்டிநீக்ரோ வெளியே. செல்லுபடியாகிற ஷெங்கன் விசா இருந்தால் மாண்டிநீக்ரோவுக்குள் விடுவார்கள். ஆனால் உங்கள் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால் குரோஷியாவுக்குத் திரும்ப முடியாது, படகு இங்கே, நீங்கள் அங்கே.

லைசென்ஸ், காசு, சாப்பாடு

குரோஷியாவில் படகை நீங்களே ஓட்ட, அவர்கள் ஏற்கிற லைசென்ஸும் ரேடியோ சான்றிதழும் வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் இருக்காது. ஸ்கிப்பர் என்கிற படகோட்டியை அமர்த்த வேண்டும், நாளுக்கு ஏறத்தாழ 200 யூரோ. இணையத்தில் விலை பார்க்கும்போது மறக்கிற விஷயம், அவருக்கு ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் நம் கணக்கு. நாலு அறைப் படகு என்றால் உங்களுக்கு மூன்றுதான். டீசல், மெரினாக் கட்டணம், கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் தனி. குலெட்டில் ஆட்களின் சம்பளம் வாடகைக்குள்ளேயே வந்துவிடும், சாப்பாட்டுக்குத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். குலெட் முழுவதையும் எடுக்க ஆள் சேராவிட்டால் தனி அறையாகவும் கிடைக்கும்.

டெபாசிட் விஷயத்தில் ஒரு தடவை வயிறெரிந்தேன். பெயர் வேண்டாம். டிங்கியின் துடுப்பு ஒன்றைக் காணோம் என்று கழித்துவிட்டார்கள். எடுத்தபோதே ஒன்றுதான் இருந்தது, நாங்கள் எண்ணவில்லை. இப்போதெல்லாம் படகு கைக்கு வந்ததும் எண்ணிப் பார்த்து, மூலை முடுக்கெல்லாம் போனில் வீடியோ எடுத்துவிடுகிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு துருக்கிக்குப் போகலாம். குலெட் சமையல்காரர் ஒலிவ எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி, பருப்பு சூப் என்று போட்டுக்கொண்டே இருந்தார். டால்மேஷியாவில் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த பிளிட்வா, பீட்சா, அதற்கு மேல் திண்டாட்டம். படகு அடுப்பில் ரசம் வைத்துச் சமாளித்தோம். அலைக்கு ஏற்ப ஆடிக்கொடுக்கிற அடுப்பு அது, ரசம் சிந்தவில்லை.

எப்போது?

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்திருப்பதுபோல அங்கேயும் உண்டு. வடகிழக்கிலிருந்து மலையிறங்கிச் சட்டென்று அறைகிற பூரா, தென்கிழக்கிலிருந்து மழையும் அலையுமாக வருகிற யூகோ, கோடைப் பிற்பகலின் மாயஸ்த்ரால். முதல் இரண்டும் வந்தால் ஸ்கிப்பர் சொல்கிற துறையில் ஒதுங்குவதுதான், உங்கள் திட்டமெல்லாம் அப்புறம். துருக்கியில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி. அது போட்ரூம் பக்கம்தான் பலமாக இருக்கும். மூன்று இடத்துக்குமே ஜூன் முதல் பாதியும் செப்டம்பரும் தான் என் தேர்வு. குமட்டல் வருகிறவர்கள் அவோமின் எடுத்துப் போங்கள்.

அத்தானுக்குக் கடைசியில் சொன்னது இதுதான். அத்தையும் வருவதாக இருந்தால் ஃபெதியேயில் குலெட், வேறு யோசனையே வேண்டாம். கோட்டோருக்கு விமானத்தில் போய் இரண்டு ராத்திரி மதிலுக்குள் அறை எடுத்துவிட்டு, ஒரு பகல் மட்டும் படகு பேசிப் பெராஸ்ட் வரை போய்வாருங்கள். நீங்களும் நண்பர்களும் மட்டும் என்றால் ட்ரோகிரிலிருந்து ஷிபெனிக், ஸ்டாரி கிராட், கோர்ச்சுலா, திரும்பி வரும் வழியில் ஸ்பிளிட். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305இல் பதவியை விட்டுவிட்டு வந்து குடியேறிய அரண்மனைக்குள் இன்றும் ஜனங்கள் துணி காயப்போடுகிறார்கள். மெரினாவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

செப்டம்பருக்கு அவர் நண்பர்களோடு ட்ரோகிரில் படகு பதிவு செய்துவிட்டார். நான் வாங்கிக்கொடுத்தது ஒரு ஜோடி தோட்டவேலைக் கையுறை. எதற்கு என்று கேட்டார். கயிறு கைக்கு வரும்போது தெரியும் என்றேன்.